கடலில்லாத ஊரில் வாங்கிய படகு

போன வருஷம் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு படகு வாங்கினோம். துடுப்பு போட்டு ஓட்டும் படகு இல்லை. உள்ளே இரண்டு பேர் படுக்கக் கட்டில், சின்னச் சமையல் மேடை, கக்கூஸ், அடியில் இரண்டு டீசல் இஞ்சின் எல்லாம் வைத்த பெரிய படகு. யாட் என்று சொல்ல வேண்டுமாம். எங்கள் ஊரில் ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் நான் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது கடைக்காரர், "இன்னாக்கா, போட்டு வாங்கிட்டீங்களாமே. எங்க வுடப் போறீங்க, சயனைடு மேட்டு மேலயா?" என்று கேட்டார். பக்கத்தில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டிருந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

தங்கவயலைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே கடல் இல்லை. கடலைப் பார்க்க அரை நாள் ரயிலில் உட்கார வேண்டும். எங்களிடம் இருப்பது மண்மேடுகள். சுரங்கம் ஓடிய காலத்தில் பாறையை அரைத்துத் தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண். அதைத்தான் சயனைடு மேடு என்கிறோம். குழாய்த் தண்ணீர் வாரத்தில் ஒருநாள் வந்தால் பெரிய விஷயம்.

இப்படிப்பட்ட ஊருக்குப் படகு வந்த கதை சுருக்கமானது. பெங்களூர்க்காரர் ஒருவர் ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் ரிசார்ட் கட்டுவதாக இருந்தார். ஆர்வக்கோளாறில் ரிசார்ட்டுக்கு முன்னாலேயே கோவாவில் ஒரு பழைய படகை வாங்கி, நீள லாரியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். ரிசார்ட் வரவில்லை. படகு மட்டும் ஆண்டர்சன்பேட்டைக்குப் பின்னால் ஒரு கிரானைட் யார்டில், கல் பலகைகளுக்கு நடுவில், இரும்புக் கால்கள் மேல் இரண்டு வருஷமாக நின்றுகொண்டிருந்தது. மேலே தார்ப்பாய், கீழே நாய்க்குட்டிகள்.

என் வீட்டுக்காரர் காலை நடைக்குப் போன இடத்தில் அதைப் பார்த்திருக்கிறார். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் வழக்கத்துக்கு மாறாக மூன்றாவது தோசை கேட்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ரெண்டு இஞ்சின். பழசு. கம்ப்யூட்டர், சென்சார் ஒண்ணும் கெடையாது. ஸ்பேனர் இருந்தா போதும், கெழங்கு மாதிரி ஓடும்" என்றார். பெண் பார்த்துவிட்டு வந்தவர் முகம்.

அவர் மண்வாரி இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். டெஸ்ட் ஹவுஸ் என்று ஒரு கூடம். புதிதாகப் பூட்டிய இஞ்சினை அங்கே மேடையில் கட்டி, முழு வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டிப் பார்ப்பார்கள். பக்கத்திலேயே நின்று எண்ணெய், சூடு, புகை எல்லாம் கவனிப்பது இவர் வேலை. ஆரம்ப காலத்தில் காதில் பஞ்சு வைப்பதையே பயந்தாங்கொள்ளித்தனம் என்று நினைத்தார்களாம். வேலையைவிட்டு வரும்போது ஒரு கைக்கடிகாரமும் சால்வையும் கொடுத்தார்கள். காதை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்.

ஆனால் காது கேட்காது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. இந்தக் காலத்துப் பையன்கள் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்பார். டி.வி.க்காரன் சத்தத்தைக் குறைத்துவிட்டான் என்பார். மாதம் ஒருமுறை டெஸ்ட் ஹவுஸ் ஆட்கள் ஐந்தாறு பேர் டீக்கடையில் கூடுவார்கள். ஒருவர் தன் மகனுக்கு வேலை கிடைத்த செய்தியைச் சொல்வார். அடுத்தவர், "ஆமா, எனக்கும் முட்டியிலதான்" என்பார். எல்லோருக்கும் போய்விட்டது, ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை. எல்லோரும் திருப்தியாகப் பேசிவிட்டுக் கலைவார்கள்.

எனக்கு அதில் சிரிப்பு வந்ததெல்லாம் கொஞ்ச நாள்தான். சர்ச்சில் கொயரில் பாடிக்கொண்டிருந்தவர், தொண்டை சரியில்லை என்று நின்றுவிட்டார். கல்யாண வீடுகளுக்குப் போனால் பந்தியில் முதல் ஆளாகச் சாப்பிட்டுவிட்டு வெளியே ஸ்கூட்டர் பக்கத்தில் நிற்பார். ஒரே மகளை மைசூரில் கட்டிக் கொடுத்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. அங்கே போனதே இரண்டு தடவை. சம்பந்தி வீட்டில் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து பேசும்போது இவர் மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருமகளின் அப்பாவுக்குத் தலைக்கனம் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். நானாக இருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அவர் ஒளித்ததற்கு நானும் உடந்தை. இதைச் சொல்ல என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா சுரங்கத்தில், ஆட்கள் கீழே இறங்கும் ஷாஃப்ட் குழியின் வாயில் மணியடிக்கும் வேலை பார்த்தார். ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டைக் கேஜ் என்போம். அதை இயக்கும் டிரைவர் தள்ளி வேறொரு கட்டடத்தில் இருப்பார். ஆளை ஆள் பார்க்க முடியாது. மணிதான் பேச்சு. இறக்க இத்தனை, ஏற்ற இத்தனை, ஓடும்போது ஒன்று அடித்தால் நிறுத்து. வீட்டிலும் அப்பாவுக்கு அந்தப் பழக்கம். சாப்பிடும்போது விரலால் தட்டில் ஒன்று தட்டினால் சோறு போதும் என்று அர்த்தம்.

அதை நான் என் வீட்டுக்காரருக்குப் பழக்கினேன். சர்ச்சிலோ விசேஷத்திலோ பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலில் தட்டுவேன். ஒன்று தட்டினால் பேச்சை நிறுத்து. இரண்டு தட்டினால் யாரோ தமாஷ் சொல்லியிருக்கிறார்கள், சிரி. மூன்று தட்டினால் தலையாட்டு. இப்படி ஒரு ஏற்பாடு வேண்டும் என்று நாங்கள் பேசிவைத்துக்கொள்ளவே இல்லை. தானாக வந்தது. எத்தனையோ கூட்டங்களில் இரண்டு தட்டு தட்டி அவரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஒருவருக்கும் தெரியாது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

படகுக்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஏணி வைத்து ஏற வேண்டியிருந்தது. தார்ப்பாயை விலக்கியதும் உள்ளே டீசல், நாப்தலீன் உருண்டை, பழைய ஸ்பாஞ்சு எல்லாம் கலந்த நெடி. அவர் நேராகத் தரைப் பலகையைத் தூக்கி இஞ்சின் குழிக்குள் இறங்கிவிட்டார். நான் முன்பக்கத்துக் கட்டிலில் படுத்துப் பார்த்தேன். தலைக்கு மேலே ஒரு வட்டக் கண்ணாடி, அதில் வானம். இருபத்தாறு வருஷம் தினமும் பெங்களூர் ரயிலில் போய் ஆபீஸ் வேலை பார்த்தவள் நான். பாதி நாள் நின்றுகொண்டேதான் போவேன். போகும்போதே படுத்துக்கொள்ளலாம் என்கிற ஒரு வண்டி இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பிடித்துவிட்டது. மறைக்காமல் சொல்கிறேன், அவரைவிட எனக்குத்தான் முதலில் பிடித்தது.

அவருடைய திட்டம் இதுதான். தொழிற்சாலையில் கூட வேலை பார்த்த மலையாளி நண்பர் ஒருவர் கொல்லத்தில் காயல் என்கிற உப்பங்கழியோரம் வீடு கட்டியிருந்தார். அவர் வீட்டுத் துறையில் படகைக் கட்டிக்கொள்ளலாம். வருஷத்தில் ஆறு மாதம் அங்கே தண்ணீர் மேல், ஆறு மாதம் இங்கே. "நீயும் நானும் மட்டும். ஒருத்தர் தொந்தரவு இல்ல" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையில்தான் எனக்குச் சுருக்கென்றது. ஒருத்தர் தொந்தரவு இல்லை என்றால் பேச ஒருத்தரும் இல்லை. தட்டிச் சிரிக்க வேண்டியதில்லை. மொட்டைமாடிக்கு ஓட வேண்டியதில்லை. இந்த மனுஷன் படகு வாங்கவில்லை, ஒளிந்துகொள்ள இடம் வாங்குகிறார் என்று புரிந்தது. என்னையும் சேர்த்து ஒளித்துவிடப் பார்க்கிறார். எனக்குக் கோபம் வந்தது. காது போனதற்காக அல்ல, காது போனதை மறைக்க மீதி எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கிறாரே என்று. அவர் ஒருமுறை, ஒரே ஒருமுறை, மூன்றாவது மனுஷரிடம் அதை வாயால் சொல்லாமல் இந்தப் படகில் நான் குடியேறப் போவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன். அவரிடம் சொல்லவில்லை. அந்த வார்த்தையை நானும் அதுவரை வீட்டில் உச்சரித்ததில்லையே.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து, இஞ்சின்களை ஓட்டிப் பார்க்க ஏற்பாடு. படகின் சொந்தக்காரர் பெங்களூரிலிருந்து காரில் வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், நல்ல மனுஷன், நஷ்டத்தை எப்படியாவது தலையிலிருந்து இறக்கிவைத்தால் போதும் என்கிற முகம். யார்டின் வாட்ச்மேன் பேட்டரி கொண்டுவந்து மாட்டினார்.

இவர் முதலில் இரண்டு இஞ்சின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். விற்பவர்கள் முன்னாலேயே ஓட்டிச் சூடாக்கி வைத்துவிடுவார்களாம், அப்போது குளிரில் கிளம்ப அடம்பிடிப்பது தெரியாது. ஜில்லென்றிருந்தது, திருப்தி. அடுத்தது எண்ணெய். அளவுக்கம்பியை உருவி, விரலில் தொட்டு, கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தார். "தண்ணி கலக்கல" என்றார்.

அதற்குப் பிறகுதான் ஊரறிந்த தப்பைச் செய்தார். இந்த மாதிரிப் படகு இஞ்சினுக்கு, தான் மிதக்கும் தண்ணீரையே உறிஞ்சிக் குடித்துத்தான் சூடு தணியும். குடித்ததைப் புகையோடு பின்பக்கமாகத் துப்பிவிடும். தண்ணீர் இல்லாமல் கொஞ்ச நேரம் ஓட்டினாலே பம்புக்குள் இருக்கும் ரப்பர் சக்கரம் கருகிவிடும். படகு நிற்பதோ வெறும் தரையில். டெஸ்ட் ஹவுஸில் வேலை பார்த்தவருக்குத் தண்ணீர் என்றால் வால்வைத் திறந்தால் கொட்டுவது. அதனால் யோசிக்காமல் ஒரு டேங்கர் தண்ணீர் வரச்சொல்லி, அதிலிருந்து ஹோஸ் போட்டு இஞ்சினுக்கு இணைத்துவிட்டார். அதுவும் ஆண்டர்சன்பேட்டையில். அதுவும் எட்டு நாளாகக் குழாய் வராத தெருவுக்கு எதிரில்.

இடதுபக்க இஞ்சின் இரண்டாவது முயற்சியிலேயே கிளம்பியது. முதலில் வெள்ளைப் புகை கொஞ்சம், பிறகு தெளிந்தது. பின்பக்கக் குழாயிலிருந்து தண்ணீர் பக் பக்கென்று கொட்டி, கல் தூளோடு கலந்து, யார்டு கேட்டுக்கு அடியில் புகுந்து தெருவுக்கு ஓடியது. ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. கேட்டைத் தள்ளிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பெண்கள் உள்ளே வந்துவிட்டார்கள். ஆளுக்கு இரண்டு பிளாஸ்டிக் குடம்.

முன்னால் வந்தவர் எதிர்த் தெருவில் மாவு மிஷின் நடத்துகிறவர். என் வயதுதான் இருக்கும். தலைமுடி, புருவமெல்லாம் மாவு. இவர் இடுப்பில் மட்டும் ஒரு எவர்சில்வர் குடம். "இன்னாங்க இது நியாயம்? குடிக்கத் தண்ணி இல்லாம பசங்களக் கூட்டிக்கினு அலையறோம். நீங்க போட்டுக்குக் குளிப்பாட்டிக்கினு கீறீங்க?" என்றார். படகின் சொந்தக்காரர் கையைக் கூப்பி, "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடிம்மா" என்று கன்னடத்தில் கெஞ்சினார். அது தீயில் எண்ணெய் ஊற்றியது போல் ஆனது. "நாங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கினுதான் கீறோம். அந்தப் பெரியவர நிறுத்தச் சொல்லுங்க!"

அந்தப் பெரியவர் படகு மேலே இஞ்சின் குழிக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு, இஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டு, உலகத்திலேயே சந்தோஷமான மனுஷனாக உட்கார்ந்திருந்தார். பத்துப் பேர் சேர்ந்து கூப்பிட்டும் திரும்பவில்லை. "காதுல வாங்கறாரா பாரு, அவ்ளோ திமிரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.  படகில் அவர் பக்கத்தில் இருந்த நான் குனிந்து கையை விட்டு, இஞ்சினை நிறுத்தச் சைகை காட்டினேன், நிறுத்தினார். பிறகு பதற்றத்தில், ஒருவரைத் திரும்பிப் பார்க்கவைக்க யாரும் எப்படித் தட்டுவார்களோ அப்படி, அவர் தோளில் தட்டிவிட்டேன். இரண்டு தட்டு.

எழுந்து நின்றார். கீழே நின்ற பெண்களைப் பார்த்தார். சிரித்தார்.

சும்மா புன்னகை இல்லை. நான் இத்தனை வருஷம் பழக்கிவைத்த சிரிப்பு, தோள் குலுங்கத் தலையை ஆட்டிக்கொண்டு சிரிக்கும் சிரிப்பு. தண்ணீர் கேட்டு வந்து நிற்கிற பெண்களைப் பார்த்து.

 மாவு மிஷின்காரம்மா குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினார். மரியாதையும் இறங்கிவிட்டது. "சிரிக்கிறியா? தண்ணி கேட்டா சிரிக்கிறியாய்யா நீ? உன் வூட்டுப் பொம்பளை கொடம் தூக்கியிருந்தா இப்டி சிரிப்பு வருமா?" அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. கோபத்தில் வந்த தண்ணீர்தான், ஆனாலும் நின்றது.

என் வாயில் பொய் தயாராக இருந்தது. அவருக்கு உடம்பு சரியில்லை, மாத்திரை சாப்பிடுகிறார், ஏதோ ஒன்று. அத்தனை வருஷம் சொன்ன பொய்களில் இன்னொன்று. வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டார். சிரிப்பு பாதியில் நின்றது.

"இன்னா ஆச்சி?" என்று கேட்டார்.

பிறகு என் கையைப் பார்த்தார். எத்தனை தட்டப் போகிறேன் என்று. நான் தட்டவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கஷ்டமான காரியம் அதுதான் என்று நினைக்கிறேன். அவர் என் கையைத் தேடினார், முகத்தைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார், தரையில் இருந்த குடத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"அம்மா, கோச்சிக்காதீங்க. எனக்குக் காது கேக்காது."

காது கேட்காதவர்கள் பேசுவது போலச் சத்தமாகச் சொன்னார். யார்டு பூராவும் கேட்டது, வாட்ச்மேனுக்குக் கேட்டது, கேட்டுக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். "ரொம்ப வருஷமாவே கேக்காது. இஞ்சின் பக்கத்துல நின்னு நின்னு போயிடுச்சி. நீங்க இன்னாமோ தமாஷ் பண்றீங்கன்னு நெனச்சி சிரிச்சிட்டேன். தப்பு. இப்ப சொல்லுங்க, மூஞ்சியப் பாத்து மெதுவா சொல்லுங்க."

நான் அழுதுவிட்டேன். படகு விற்பவர், வாட்ச்மேன், பத்துப் பெண்கள் எல்லோர் முன்னாலும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன். சர்ச்சில்கூட அப்படி அழுததில்லை.

மாவு மிஷின்காரம்மா ஏணியில் ஏறி வந்தார். பிறகு குழிக்கு முன்னால் வந்து குனிந்து, ஒவ்வொரு வார்த்தைக்கும் வாயை முழுசாகத் திறந்து, "எங்களுக்கு. தண்ணி. வேணும்" என்றார்.

"அவ்ளோதானா? புடிச்சிக்கோங்க" என்றார் இவர்.

இஞ்சினை ஓட்டிப் பார்க்க ஒரு டேங்கர் தேவையே இல்லை. மூன்று டிரம் போதும். பின்பக்கம் துப்பும் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து, ஆறவிட்டு, மறுபடியும் அதையே குடிக்கவைக்கலாம். ஐந்து நிமிஷத்தில் செய்து முடித்தார். மீதி டேங்கர் தெருவுக்கு. முன்னாலேயே யாராவது சொல்லி, அது இவர் காதில் விழுந்திருந்தால் முன்னாலேயே செய்திருப்பார்.

பெண்கள் பலர் குடத்தை நிரப்பிக்கொண்டு போய்விட்டார்கள். மாவு மிஷின்காரம்மா போகவில்லை. நிரம்பிய குடத்தை வாட்ச்மேன் அறை நிழலில் வைத்துவிட்டு, வேடிக்கை பார்க்க நின்றார். வலதுபக்க இஞ்சின் கிளம்பியது. எனக்கு எல்லாம் ஒரே தடதடப்புதான். அந்த அம்மா மட்டும் முகத்தைச் சுளித்தார். "இது சரியா ஓடல. நடுநடுவுல டொக்கு டொக்குனு ஒரு சத்தம் வருது. எங்க மிஷினு கெட்டுப்போவும்போதும் இப்டித்தான் வரும்" என்றார். படகின் சொந்தக்காரர் அவசரமாக, அதெல்லாம் ஒன்றுமில்லை என்றார்.

நான் இவரிடம் அதை எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு அந்த அம்மாவைக் கையசைத்துப் படகு மேலே கூப்பிட்டார். இஞ்சின் மூடியின் மேல் அவர் கையை வைக்கச் சொல்லி, "அந்தச் சத்தம் எப்டி வருதோ அப்டியே இதுல தட்டிக்கினே இருங்கம்மா" என்றார். அந்த அம்மா தட்ட ஆரம்பித்தார். டொக்... டொக்... டொக். இவர் ஒரு கண்ணால் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே ஸ்பேனரை எடுத்தார். ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் போகும் குழாயின் நட்டைக் கொஞ்சமாகத் தளர்த்துவார், அந்தச் சிலிண்டர் மட்டும் நின்றுபோகும், அப்போது சத்தமும் நின்றால் கோளாறு அதில்தான். முதல் நட்டைத் தளர்த்தினார். கை தட்டிக்கொண்டிருந்தது. மறுபடி முறுக்கிவிட்டு இரண்டாவது. கை தட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவதைத் தளர்த்தினதும் அந்த அம்மாவின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. "நின்னுபோச்சி!" என்று கத்தினார், இவருக்குக் கேட்காது என்பதை மறந்து. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, இவர் அந்தக் கையைப் பார்த்துவிட்டார்.

"மூணாவது இஞ்செக்டர், டீசல் பீச்சற மூக்கு. மாத்தினா போச்சி, பெரிய வேல இல்ல" என்று சொந்தக்காரரைப் பார்த்துச் சிரித்தார். இது அவருடைய சொந்தச் சிரிப்பு. கொஞ்சம் பல் மட்டும் தெரியும். பார்த்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

சொந்தக்காரர் விலையில் கொஞ்சம் இறங்கி வந்தார். ஆனால் அவருக்கு ஒரு கவலை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தண்ணியில மத்த போட்டுக்காரன் ஹார்ன் அடிச்சா சாருக்குக் கேக்காதே மேடம், எப்படி ஓட்டுவாரு?" என்றார். நியாயமான கேள்வி. அதையும் இவருக்கு எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு, "நான் எங்க ஓட்டப் போறேன்? நான் கீழ இஞ்சின்கிட்ட இருப்பேன். ஓட்டப் போறது இவங்க" என்று என்னைக் காட்டினார். இந்த விஷயம் எனக்கே அப்போதுதான் தெரியும். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவள் நான்.

படகு இப்போது கொல்லத்தில் இருக்கிறது. லாரியில் அது ஊரைவிட்டுப் போன நாளில் ஆண்டர்சன்பேட்டையே ரோட்டுக்கு வந்து நின்றது. மாவு மிஷின்காரம்மா முன்பக்கத்தில் சாமந்தி மாலை போட்டார். எனக்கு ஒரு பயிற்சிக்காரரை வைத்து மலையாளி நண்பர் சுக்கான் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். இன்னும் நேராகப் போக வரவில்லை. துறையில் ஒட்டி நிறுத்தும்போது மூங்கில் கழிகளை இரண்டு தடவை இடித்திருக்கிறேன். ஆனாலும் அந்த வட்டக் கண்ணாடிக்குக் கீழே படுத்தால் மத்தியானத் தூக்கம் அப்படி வருகிறது. எதிரே போகிற தோணிக்காரர்கள் கூப்பிட்டுப் பேசினால் இவர் நெஞ்சில் கைவைத்து, காதைக் காட்டி, கையை விரிக்கிறார். அவர்கள் சைகையில் பேசுகிறார்கள். மீன் விலைகூடச் சைகையில் பேசித் தீர்க்கிறார். யாரும் தட்ட வேண்டியதில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது படகு வாங்கிய அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடந்ததை. யார்டிலிருந்து வந்து குளித்துவிட்டு, டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் உடம்பு லேசாக இருந்தது. திடீரென்று, "மைசூருக்குப் போன் போடு. மூஞ்சி தெரியற மாதிரி போடு" என்றார்.

மகள் வீடியோவில் வந்தாள். படகு வாங்கியதைச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அதைச் சொல்லவில்லை. "கண்ணு, எனக்குக் காது கேக்காது" என்றார். இரண்டாவது தடவை சொல்வது சுலபமாக இருந்தது போல.

அவள் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள். "கொஞ்சம் கேக்காதுன்னு தெரியும்பா. இவ்ளோன்னு தெரியாது" என்றாள். நான் அதை அவருக்கு எழுதிக் காட்டினேன். தலையசைத்துவிட்டு, "கல்யாணத்தன்னிக்கு வண்டியில ஏர்றதுக்கு முன்னால எங்காதுல இன்னாமோ சொன்னியே. அது இன்னா கண்ணு? நாலு வருஷமா யோசிக்கிறேன்" என்று கேட்டார்.

எனக்கு அந்த நிமிஷம் ஞாபகம் வந்தது. மண்டப வாசல், மேளச் சத்தம், அவள் எம்பி அவர் காதில் எதையோ சொன்னது, இவர் தலையாட்டியது. நான் பக்கத்தில்தான் நின்றேன். நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

மகள் எழுந்து போய் ஒரு நோட்டு எடுத்துவந்தாள். பேனாவால் எழுதி, போனுக்கு முன்னால் தூக்கிப் பிடித்தாள். பெரிய எழுத்து, கண்ணாடி போடாமலே படிக்க முடிந்தது.

மாசத்துக்கு ஒரு வாட்டியாவது என்னைப் பார்க்க வருவீங்களாப்பா என்று கேட்டேன். தலையாட்டினீங்க.

அவர் அதை ஒருமுறை படித்தார். இன்னொருமுறை படித்தார். டீ டம்ளரைக் கீழே வைத்தார். அவள் நோட்டை இறக்கவே இல்லை, அதற்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு மொத ரயிலுக்கே கிளம்பி வர்றோம் கண்ணு" என்றார். நோட்டு கீழே இறங்கி அவள் கண்கள் தெரிகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, "உன் மாமனார், மாமியார், வூட்ல எல்லார்கிட்டயும் இப்பவே சொல்லி வையி, எங்கப்பாவுக்குக் காது கேக்காது, மூஞ்சியப் பாத்துப் பேசுங்கன்னு" என்றார்.